10 வருஷ வாரண்டி, முதல் மழையிலேயே ஒழுகல்: காசும் குடுத்தாச்சு, இனி என்ன பண்றது?

நீங்க கேட்டதை ஒரு தடவை நானே சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா பதில் கொஞ்சம் நீளமா போகும். 1998ல அப்பா கட்டின வீடு, தரைத்தளம் மட்டும், மொட்டை மாடி ஆயிரம் சதுர அடிக்கு பக்கம். வைகாசியில ஒரு வாட்டர்ப்ரூஃபிங் கான்ட்ராக்டரை புடிச்சு 1,10,000 பேசி 85,000 குடுத்தாச்சு, அவரும் வெள்ளையா பளபளன்னு கோட்டிங் அடிச்சு லெட்டர்பேட்ல 10 வருஷ வாரண்டி எழுதி குடுத்துட்டார். ஐப்பசி முதல் மழைக்கே பெட்ரூம் ஃபேன் பக்கத்துலயும் கிச்சன் பரண் மேலயும் சொட்ட ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு நாள்ல ஆள் அனுப்பறேன்னு சொன்னவர் இப்போ போனே எடுக்கறதில்ல. காசை திரும்ப வாங்க முடியுமா, இல்ல வேற ஆளை விட்டு அது மேலயே இன்னொரு கோட்டிங் அடிச்சுடலாமா, இதானே கேள்வி?

ரெண்டாவதுக்கு மொதல்ல பதில் சொல்றேன் தம்பி. அடிக்காதீங்க. தண்ணி எங்க இறங்குதுன்னு இதுவரைக்கும் யாருமே பார்க்கல, நீங்க எழுதினதுல அந்த ஆள் வந்து டேப்பு புடிச்சு அளந்தார்னு இருக்கு, ரேட் சொன்னார்னு இருக்கு, எங்க ஒழுகுதுன்னு தேடினார்னு ஒரு வரி கூட இல்ல. அடுத்த ஆளும் அதே டேப்போட தான் வருவார்.

நான் இருபத்திரண்டு வருஷம் சைட் சூப்பர்வைசரா இருந்தவன், இப்பவும் தெரிஞ்சவங்க வீட்டு ரிப்பேருக்கு எஸ்டிமேட் போட்டு குடுக்கறேன். இவ்ளோ தெரிஞ்சும் நானே ஏமாந்தேன், அதுவும் எங்க அம்மா வீட்டுல, அதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அம்பத்தூர் பக்கம் வீடு, 2019 கோடை. அந்த வருஷம் சென்னையில இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வத்தி விரிசல் விட்டு கெடந்துச்சு, ஜூன்ல லாரி தண்ணிக்கு புக் பண்ணிட்டு வாரக்கணக்குல காத்துட்டு இருந்தோம். நான் அப்போ வெளியூர் சைட்ல இருந்தேன், அம்மாவுக்கு தெரிஞ்ச பெயிண்டர் மூலமா ஒரு கான்ட்ராக்டர் வந்தார். நல்லா பேசினார், சார் சார்னு மரியாதையா பேசினார், அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது.

பழைய மாடின்னா என்ன இருக்கும்னு தெரியணும், அப்போ தான் மிச்சம் புரியும். கான்கிரீட் ஸ்லாப், அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு மூணு இன்ச் போட்டு கட்டையால அடிச்சு இறுக்கி வாட்டம் குடுத்திருப்பாங்க, அந்த காலத்து மேஸ்திரிங்க கடுக்காய், வெல்லம் ஊறவச்ச தண்ணி தெளிப்பாங்க, அதுக்கு மேல தட்டோடு, அதாவது சுட்ட மண்ணுல பண்ண தட்டையான ஓடு, பதிச்சு சந்துல சிமெண்ட் பாயிண்டிங். இந்த செங்கல் ஜல்லி இருக்கே, அது பஞ்சு மாதிரி. தட்டோடு சந்து விட்டுப்போனா உள்ள தண்ணி போய் தேங்கும், ஸ்லாப் மேல படர்ந்து எங்க வழி கிடைக்குதோ அங்க இறங்கும். அதனால சொட்டுற இடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கணும்னு அவசியமே இல்ல, பத்தடி தள்ளி கூட இருக்கும்.

அதே ஜல்லி வெயில் காலத்துல உள்ள இருக்கற ஈரத்தை சந்து வழியா மெதுவா வெளிய விடும். நீங்க ஈரம் காயாம, பாசி சுரண்டாம மேல ரப்பர் மாதிரி ஒரு கோட்டிங்கை அடிச்சு மூடினா அந்த ஈரம் சித்திரை வெயில்ல ஆவியாகி மேல வரும்போது கோட்டிங்கை தூக்கும். அப்பளம் பொரிஞ்ச மாதிரி கொப்புளம் கொப்புளமா வரும். உங்க மாடியில இப்போ போய் கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, எங்கயாவது பொதுக்குன்னு அமுங்குதா? அமுங்கினா அது தான் கதை.

அம்மா வீட்டுல என்ன ஆச்சுன்னா, கோட்டிங் அடிக்கறதுக்கு முன்னாடி ப்ரஷர் வாஷ் பண்ணி பாசி எடுக்கணும், அவர் தென்னந்துடைப்பத்தால பெருக்கிட்டு அடிச்சுட்டார். கேட்டா "சார், குடிக்கவே தண்ணி இல்லாத நேரத்துல மாடியை கழுவறதுக்கு எங்க சார் போறது"ன்னார். நியாயமா தான் இருந்துச்சு. வேலை முடிஞ்சு மாடியில தண்ணி கட்டி 48 மணி நேரம் விட்டு பார்க்கணும்னு நான் போன்ல சொன்னேன், ரெண்டு லாரி தண்ணி ஆகும் சார், வேஸ்ட், நான் தான் 10 வருஷம் வாரண்டி தரேனே, மழை வரட்டும் பார்த்துக்கலாம்னார். நானும் விட்டுட்டேன். மத்தவங்க சைட்ல டெஸ்ட் பண்ணாம பில்லு பாஸ் பண்ண மாட்டேன்னு மல்லுக்கு நின்னவன், சொந்த வீட்டுல தண்ணிப் பஞ்சத்தை சாக்கு வச்சு விட்டுட்டேன்.

பில்லுல இன்னொரு கூத்து. மாடி 30க்கு 30, ஆக 900 சதுர அடி. பில்லுல 1,260ன்னு போட்டிருந்தார். எப்படின்னு பார்த்தா கைப்பிடிச் சுவர் சுத்தளவு 120 அடி, உயரம் மூணு அடி, 360 சதுர அடி கூட்டிட்டார். ஆனா சுவத்துல கோட்டிங் ஏறினது முக்கா அடி கூட இல்ல. சதுர அடிக்கு 75 ரூபா, ஆக அடிக்காத சுவத்துக்கு மட்டும் இருபதாயிரம் கிட்ட. மாடி மூலையில ஒரே ஒரு 20 லிட்டர் பக்கெட் காலியா கெடந்தது, அம்மா அதை எடுத்து துணி ஊற வைக்க வச்சுக்கிட்டாங்க. அந்த பக்கெட் பின்னாடி போட்டிருந்த கணக்குப்படி ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 30 சதுர அடி தான் வரும். 900 அடிக்கே 30 லிட்டர் வேணும், பில்லு கணக்குக்கு 42 லிட்டர். மிச்சத்துக்கு என்ன ஊத்தினார்னு உங்களுக்கே தெரியும், பஞ்சத்துலயும் அதுக்கு மட்டும் தண்ணி கிடைச்சுடுச்சு. நீங்க உங்க வீட்டுல காலி பக்கெட் எத்தனை, பேட்ச் நம்பர் என்ன, போட்டோ இருந்தா எடுத்து வைங்க, இது பின்னாடி உதவும்.

அக்டோபர்ல மழை புடிச்சுது, ஹால்ல பழைய இடத்துலயே சொட்டுச்சு. கான்ட்ராக்டர் ரெண்டு தடவை வந்தார், ரெண்டு தடவையும் சொட்டுற இடத்துக்கு நேர் மேல இன்னொரு கை அடிச்சுட்டு போனார். மூணாவது தடவை வரல.

அப்புறம் எங்க கூட வேலை பார்த்த ஒரு பழைய மேஸ்திரியை கூட்டிட்டு போனேன், எழுபது வயசு இருக்கும், வேலையை விட்டு பல வருஷம் ஆச்சு. அவர் கொண்டு வந்தது ஒரு கரணை, ஒரு இரும்புக் கம்பி, அவ்ளோ தான். மாடி ஃபுல்லா கம்பியால தட்டிக்கிட்டே நடந்தார், நல்லா ஒட்டின ஓடு கிண்ணுன்னு கேக்கும், விட்டுப்போனது டொக்குன்னு பொள்ளலா கேக்கும், பொள்ளல் கேட்ட இடமெல்லாம் செங்கல் துண்டால ஒரு பெருக்கல் குறி போட்டுட்டே போனார். குறி எல்லாம் ஒரே பக்கமா சேர்ந்துச்சு, வடகிழக்கு மூலை மழைத்தண்ணி பைப்பை சுத்தி. அதுக்குள்ள மழை பெஞ்சு சம்ப்பு நிறைஞ்சிருந்துச்சு, தண்ணிக்கு பஞ்சமில்ல. கலவையால சின்ன சின்ன பாத்தி கட்டி ஒவ்வொரு பாத்தியா தண்ணி விட்டோம், ஒரு நாளைக்கு ஒரு பாத்தி. மொத ரெண்டு நாள் கீழ ஒண்ணுமில்ல. மூணாவது நாள் அந்த பைப் வாய் இருக்கற பாத்தி, அதுல துணிக்கு போடற சொட்டு நீலத்தை அரை பாட்டில் ஊத்தினார். சாயங்காலம் ஹால் சீலிங்ல நீல கலர்ல ஒரு வட்டம்! அம்மா பார்த்துட்டு ஐயோ சுண்ணாம்பு அடிச்ச சீலிங்கை கெடுத்துட்டீங்களேன்னு கத்தினாங்க.

கோளாறு என்னன்னா பிவிசி பைப் ஸ்லாபுக்குள்ள நுழையற இடத்துல சுத்தி இருந்த சாந்து சுருங்கி ஒரு நூல் அளவுக்கு இடைவெளி. பிவிசி ஒரு மாதிரி விரியும் சுருங்கும், சிமெண்ட் வேற மாதிரி, ரெண்டும் ஒட்டிக்கிட்டே இருக்காது. மேல எத்தனை கோட் அடிச்சாலும் அந்த சந்துல திரும்ப வெடிக்கும். சுத்தி ஒரு நாலு இன்ச் பேத்து எடுத்து காய்ஞ்சாலும் சுருங்காத க்ரௌட், அதாவது சந்தை அடைக்கற சிமெண்ட் கலவை, போட்டு பைப்பை மாத்தி, சுத்தி அறுபது சதுர அடிக்கு தட்டோட்டை பேத்து எடுத்து வாட்டம் பார்த்து மறுபடி பதிச்சு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில வளைவா கலவை புடிச்சு, ஒரு வாரம் ஈரம் காயாம தண்ணி விட்டோம். மெட்டீரியல், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ஆச்சு. அதுக்கு முன்னாடி கோட்டிங்குக்கு குடுத்தது 94,500.

இப்போ உங்க வீட்டுக்கு வரேன். கிச்சன் பரண் மேல சொட்டுதுன்னு எழுதியிருக்கீங்க, அது நேர் மேல தண்ணி டேங்க் இருக்கா? இருந்தா மழை இல்லாத நாள்லயும் அங்க ஈரம் இருக்கான்னு பாருங்க, இருந்தா அது மாடிப் பிரச்சனையே இல்ல, டேங்க் அவுட்லெட் பைப், இல்ல டேங்க் நிக்கற செங்கல் கட்டை அடியில தண்ணி தேங்கறது. பெட்ரூம் ஃபேன் பக்கத்துல வர்றது வேற கதை. ஸ்லாபுக்குள்ள கரண்ட் பைப் ஓடுது, எங்கயோ ஒரு இடத்துல தண்ணி அந்த பைப்புக்குள்ள இறங்கினா அது வழியாவே ஓடி ஃபேன் பாக்ஸ்ல வந்து எட்டிப்பார்க்கும். அதனால ஃபேனுக்கு நேர் மேல எவ்ளோ அடிச்சாலும் நிக்காது. சீலிங்ல பூச்சு உப்பி கம்பி தெரியுதான்னும் பாருங்க. துரு புடிச்ச கம்பி ரெண்டு மடங்குக்கு மேல ஊதும், அது தான் கான்கிரீட்டை பொளந்து கீழ தள்ளுது. அதை அப்படியே விட்டுட்டு மேல பூசி மூடற கொத்தனார் தான் ஜாஸ்தி. கம்பியை ஒயர் பிரஷ் போட்டு தேய்ச்சு, துரு தடுக்கற கோட் அடிச்சு, அப்புறம் பாலிமர் கலந்த கலவை போடணும். கம்பி ரொம்ப அரிச்சு மெலிஞ்சு போயிருந்தா பூச்சு வேலையோட விடாதீங்க, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்தே ஆகணும்.

காசு விஷயம். போலீஸ்ல குடுத்தா அவங்க சிவில் மேட்டர்னு சொல்லி அனுப்பத்தான் சான்ஸ் ஜாஸ்தி, அவங்க சொல்றதுலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு, மோசடின்னா ஆரம்பத்துலேர்ந்தே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும், இவர் வந்து வேலைன்னு ஒண்ணு பண்ணியிருக்காரே. நிறைய பேர் ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போகலாம்னு சொல்லுவாங்க, அது பில்டர் வீடு கட்டி விக்கறதுக்கு, சொந்த வீட்டு ரிப்பேருக்கு வராது. உங்களுக்கு சரியான இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் தான். காசு வாங்கிட்டு பண்ற கட்டட வேலை சேவைக்குள்ள வரும்ங்கறது 1993லேயே சுப்ரீம் கோர்ட் லக்னோ டெவலப்மென்ட் அத்தாரிட்டி கேஸ்ல சொல்லிட்டாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், அவர் ஆபீஸ் எங்க இருக்குன்னு தேடி அலைய வேண்டாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், பிரச்சனை வந்ததுலேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும். சட்டத்துல 3 மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னு இருக்கு, நடைமுறையில அதை நம்பி உட்காராதீங்க, இழுக்கும்.

அதுக்கு முன்னாடி 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல ஒரு புகார் பதிவு பண்ணுங்க, காசு செலவில்ல. அப்புறம் அவருக்கு எழுத்துல ஒண்ணு அனுப்புங்க, என்ன வேலை, எவ்ளோ குடுத்தேன், எந்த தேதியில எங்க ஒழுகுச்சு, 15 நாளுக்குள்ள வந்து சரி பண்ணுங்க இல்ல பணத்தை திருப்பிக் குடுங்க, அவ்ளோ தான், திட்டு எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்லயும் அனுப்புங்க, ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பி டெலிவரி ஆன ஆதாரத்தை வச்சுக்கோங்க. 85,000ல எவ்ளோ யூபிஐல போச்சு, எவ்ளோ கையில குடுத்தீங்க? கையில குடுத்ததுக்கு ரசீது இல்லன்னா, "அன்னிக்கு 30,000 கேஷா வாங்கினீங்களே" மாதிரி தொகையைப் போட்டு சாதாரணமா ஒரு மெசேஜ் போடுங்க, அவர் ஆமான்னு பதில் போட்டுட்டா அதுவே ஒரு ஆதாரம். பழைய சாட்டை எல்லாம் அழிச்சுடாதீங்க, போனையும் மாத்தாதீங்க.

முக்கியமா, சரி பண்றதுக்கு முன்னாடி ஆதாரம் எடுங்க. எல்லாரும் தப்பு பண்றது இங்க தான், மழை தாங்காம வேற ஆளை விட்டு பேத்து போட்டுடுவாங்க, அப்புறம் அவர் வேலை மோசம்னு எதை வச்சு காட்டறது? ஒரு சார்ட்டர்ட் இன்ஜினியரை கூட்டிட்டு வந்து பார்க்க வச்சு, போட்டோவோட ரெண்டு பக்கம் ரிப்போர்ட் வாங்குங்க, சில ஆயிரம் செலவாகும், அந்த செலவையும் புகார்ல கேக்கலாம். கோட்டிங்கை ஒரு அடிக்கு ஒரு அடி உரிச்சு எடுத்து அடியில பாசி இருக்கறதை வீடியோ எடுங்க, உரிச்ச தோலை ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க.

நான் கேஸ் போட்டேனான்னு கேப்பீங்க. போடல. அம்மா வேண்டாம்னுட்டாங்க, பெயிண்டர் தெரிஞ்சவர், அவர் பொண்ணு கல்யாணத்துக்கு போய் சாப்பிட்டுட்டு வந்திருக்கோம், இப்படி ஏதேதோ. நோட்டீஸ் மட்டும் அனுப்பினேன், நாலு தவணையா 20,000 திரும்பி வந்துச்சு, மிச்சம் போனது போனது தான். உங்க கேஸ்ல முழு 85,000 வரும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா நோட்டீஸ் போனதும் போன் எடுக்க ஆரம்பிப்பாங்க, அது வரைக்கும் எனக்கு அனுபவம். ஒண்ணு சொல்லணும், அந்த கான்ட்ராக்டர் திருடன்னு நான் நினைக்கல. அவருக்கு தெரிஞ்சது பக்கெட்டை திறந்து அடிக்கறது மட்டும் தான், கோளாறு கண்டுபிடிக்கற வேலை அவருக்கு தெரியாது, நம்மளும் அதுக்குன்னு தனியா ஒரு ரூபா குடுக்க தயாரா இல்ல. அந்த மேஸ்திரிக்கு மூணு நாளைக்கு நான் குடுத்த கூலி நாலாயிரத்து சொச்சம். சதுர அடி ரேட்டுக்கு மட்டும் ஒருத்தரை கூப்பிட்டா அவர் சதுர அடியைத்தான் பார்ப்பார், ஓட்டையை எதுக்கு பார்க்கறார்?

அந்த 10 வருஷ வாரண்டி பேப்பரை எடுத்து ஒரு தடவை படிங்க. கம்பெனி வாரண்டின்னா கம்பெனி சீல், டீலர் பில்லு, பேட்ச் நம்பர் எல்லாம் இருக்கும். லெட்டர்பேட்ல இருக்கறது அந்த ஆள் இருக்கற வரைக்கும் தான், அதுலயும் கீழ "கட்டட விரிசல் நீங்கலாக"ன்னு பொடி எழுத்துல இருக்கும், எந்த வீட்டுல விரிசல் இல்ல? இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, அவர் கையெழுத்து போட்டது அது ஒண்ணு தான்.

மறுபடி வேலை தை, மாசிக்கு அப்புறம் வைங்க, நல்லா வெயில் அடிச்சு ஜல்லி காயட்டும். மெட்டீரியலை நீங்களே கடையில பில்லோட வாங்கிக் குடுங்க, ஆளுக்கு லேபர் மட்டும் பேசுங்க. அளவு எப்படி எடுக்கறது, சுவத்துல எத்தனை இன்ச் ஏத்தறது, மொதல்லயே பேப்பர்ல எழுதிடுங்க. அட்வான்ஸ் பத்து பர்சென்ட்டுக்கு மேல வேண்டாம், மிச்சம் வேலை நகர நகர குடுங்க, தண்ணி கட்டி ரெண்டு நாள் நின்னு கீழ ஈரம் வரலைன்னா தான் கடைசி கால் பங்கு. இதுக்கு பாதி பேர் ஒத்துக்க மாட்டாங்க, கிளம்பிடுவாங்க, போகட்டும். ரசமட்டம் வச்சு வாட்டத்தை நீங்களே பாருங்க, பத்தடிக்கு ஒரு இன்ச்சாவது பைப் பக்கம் இறங்கணும்.

இப்போதைக்கு மழை நிக்கற வரைக்கும் மாடியில எதையும் பேக்காதீங்க. பைப் வாய்ல இலை, கோட்டிங் தோல் அடைச்சிருக்கும், கையை விட்டு எடுத்துடுங்க, அதுலயே பாதி சொட்டு குறையலாம். தார்ப்பாய் விரிக்கறதா இருந்தா பைப் வாயை மூடாம விரிங்க, செங்கல்லை தண்ணி ஓடற வழியில வைக்காதீங்க. அப்புறம் அந்த ஃபேன். தண்ணி கரண்ட் பைப் வழியா தான் வருதுன்னா சுவிட்சை ஆஃப் பண்றது மட்டும் பத்தாது, மெயின் போர்டுல அந்த ரூமுக்கு வர்ற கரண்டையே துண்டிக்கற எம்சிபி சுவிட்சை இறக்கி விட்டுடுங்க, எலக்ட்ரீஷியன் வந்து பாக்ஸை திறந்து பார்க்கற வரைக்கும் மறுபடி ஏத்தாதீங்க, கட்டிலையும் அதுக்கு நேர் கீழ இருந்து நகர்த்திட்டு படுங்க.